தொழில்முறைக் கலைஞர் எடுத்த உங்கள் படத்தை நீங்களே திருத்தலாமா? வழியும் வரம்பும்

ஒரு புகைப்படக் கலைஞரிடம் பணம் கொடுத்து, நேரம் ஒதுக்கி எடுத்துக்கொண்ட படங்கள் வந்து சேரும் நாளில், பெரும்பாலோர் முதலில் தேடுவது தம் முகத்தில் உள்ள குறையைத்தான். தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு, கண்ணுக்கு அடியில் கருவளையம், தோளில் சட்டையின் சுருக்கம் என்று ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், கை தானாகவே கைபேசியில் எடிட்டிங் செயலியைத் திறந்துவிடுகிறது. முகம் என்னுடையது, கொடுத்த பணமும் என்னுடையது, பிறகு யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதும் இயல்பே.

உருவப்படங்களைத் திருத்தும் வேலையில் நெடுநாளாக இருப்பதால் இந்தக் கேள்வியை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். என் விடை இதுதான்: முகம் உங்களுடையது, படமோ நீங்களும் எடுத்தவரும் சேர்ந்து உண்டாக்கியது. உங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்ளும் பிரதியில், ஒப்பந்தம் தடுக்காதவரை, சிறு திருத்தம் செய்வதில் பிழையில்லை. பிறர் பார்க்க வெளியிடுவதாக இருந்தால், எடுத்தவரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். உங்களை இன்னார் என்று அடையாளம் காண ஒருவர் நம்பியிருக்கும் படத்தில் முகத்தின் மீது கைவைக்கவே கூடாது. இந்த மூன்று நிலைகளுக்கும் உரிய நடைமுறையைக் கீழே விளக்குகிறேன்.

திருத்தும் முன் மூன்று நாள் பொறுத்திருங்கள்

படம் வந்த அன்றே எதையும் மாற்றாதீர்கள். நம் முகத்தை நாம் வாழ்நாள் முழுவதும் கண்ணாடியில், இடவலம் மாறிய நிலையிலேயே பார்த்துப் பழகியிருக்கிறோம்; புகைப்படமோ மற்றவர்கள் பார்க்கும் முகத்தைக் காட்டுகிறது. மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒருவருடைய படத்தின் நேர்ப்பிரதியையும் இடவலம் மாற்றிய பிரதியையும் அவரிடமும் அவருடைய நண்பரிடமும் காட்டியபோது, படத்திலிருந்தவர்கள் பெரும்பாலும் கண்ணாடியில் தெரியும் முகத்தையே விரும்பினர். நண்பர்கள் நேர்ப்பிரதியை விரும்பினர். உங்கள் படம் ‘என்னவோ போல்’ இருப்பதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு இந்தப் பழக்கத்தால் வருவது. உங்களை நாள்தோறும் பார்ப்பவருக்கு அது தோன்றுவதில்லை.

இன்னொரு காரணம் தூரம். கைபேசியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து எடுக்கும் படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். உருவப்படக் கலைஞர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி நின்று நீண்ட குவியத் தொலைவு கொண்ட லென்ஸில் எடுக்கும்போது காதுகள் தெளிவாகவும் முகம் சற்று அகன்றும் வரும். செல்ஃபிக்குப் பழகிய கண் இந்த அகலத்தைப் பருமன் என்று எண்ணிக்கொண்டு, தாடையை ஒடுக்கச் சொல்லும். ஆனால் நேரில் பார்ப்பவர் கண்ணுக்கு நெருக்கமானது இந்த அகன்ற முகமே.

ஆகவே இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதலில், படத்தின் ஒரு பிரதியை இடவலம் மாற்றிப் பாருங்கள். மாற்றியவுடன் அந்தக் குறை மறைந்துவிட்டால், திருத்த வேண்டியது படத்தில் ஏதுமில்லை. (மாற்றிய பிரதியை வெளியிட வேண்டாம், தலை வகிடும் மச்சமும் பக்கம் மாறிவிடும்.) அடுத்து, உங்களை அடிக்கடி பார்க்கும் ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, குறையைச் சுட்டிக்காட்டாமல், எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நான் அறிந்தவரை, மூன்று நாள் கழித்தும் நிற்கும் குறைகள் மிகச் சிலவே. அவை பெரும்பாலும் திருத்தத் தகுந்தவையாகவும் இருக்கும்.

படம் யாருக்குச் சொந்தம்

படத்தில் இருப்பவருக்கே படம் சொந்தம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சட்டம் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவில், பணியாளராக இருந்து எடுத்தது போன்ற சில நிலைகளைத் தவிர, பதிப்புரிமை எடுத்தவருடையது. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் எடுத்தவரே உரிமையாளர். ஆனால் சொந்த, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்னவர், அந்தப் படம் பொதுவெளிக்குப் போகாமல் தடுக்கலாம். ஆஸ்திரேலியாவில் சொந்தத் தேவைக்காகப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருடையது. கனடாவில் 2012 வரை எடுக்கச் சொன்னவருக்கு இருந்த உரிமை அந்த ஆண்டுத் திருத்தத்தால் கலைஞருக்கு மாறியது. சொந்தத் தேவைக்கு எடுக்கச் சொன்னவர் வணிகமல்லாத முறையில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. அங்கும் ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால் ஒப்பந்தமே நிற்கும்.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் சேர்க்கப்பட்ட விதி ஒன்று, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, தம் பெயருக்குக் களங்கம் வரும் வகையில் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. இதைத் தார்மிக உரிமை என்பர். இந்தியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும் இதையொட்டியதே. எனவே, சட்டப்படி படம் உங்களுடையதாகவே இருந்தாலும், அதை அலங்கோலமாக்கி எடுத்தவரின் பெயரோடு வெளியிடும் உரிமை அதனுடன் வந்துவிடுவதில்லை.

நாட்டுக்கு நாடு இவ்வளவு வேறுபாடு இருப்பதால், உங்கள் கையில் உள்ள ஒப்பந்தத்தையோ, கட்டணச் சீட்டையோ, படங்களுடன் வந்த மின்னஞ்சலையோ எடுத்துப் படியுங்கள். ‘சொந்தப் பயன்பாடு’, ‘வணிகப் பயன்பாடு’, ‘அச்சிட அனுமதி’ என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். அச்சிட அனுமதி என்பது திருத்த அனுமதி ஆகாது. ‘மாற்றம் செய்தல், வடிகட்டி (ஃபில்டர்) இடுதல், வெட்டுதல் கூடாது’ என்ற வரி இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்; சமூக ஊடகச் செயலியின் ஃபில்டரும் அதில் அடங்கும். எந்த வரியும் இல்லாவிட்டால், வெளியிடப்போகும் படத்துக்கு அதை அனுமதி என்று கொள்ளாமல், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எடுத்தவரிடம் கேட்பது எப்படி

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். ஏனெனில் உங்களுக்கு வேண்டிய திருத்தத்தை நீங்கள் செய்வதைவிட எடுத்தவர் செய்தால் பலமடங்கு நன்றாக வரும். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. உங்களுக்கு அனுப்பப்படுவது பொதுவாக ஜேபெக் கோப்பு; அதில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள் மட்டுமே உண்டு. கலைஞரிடம் உள்ள ரா கோப்பு, அதாவது கேமரா பதிந்த பதப்படுத்தாத தரவு, 14 பிட் கொண்டதாக இருந்தால் 16,384 படிநிலைகள் உண்டு. நிழலில் கறுத்துவிட்ட கண்ணை வெளிச்சமாக்குவது, கன்னத்தில் ஏறிய சிவப்பைத் தணிப்பது ஆகியவற்றை ரா கோப்பில் செய்தால் தோல் தோலாகவே இருக்கும். ஜேபெக்கில் அழுத்தமாகச் செய்தால் கன்னத்தில் பட்டை பட்டையாக நிறம் பிரியும்.

வந்த படம் ஏற்கெனவே திருத்தப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். உருவப்படத்தைத் திருத்துவது கணினியோடு வந்த வழக்கம் அன்று. 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே ஜெர்மானியக் கலைஞர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் நெகட்டிவில் திருத்திய படத்தைக் காட்சிக்கு வைத்தார். இன்றைய கலைஞர் ஒளி, நிறம், தோல், பின்னணி ஆகிய எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று இசைய அமைத்த பிறகே அனுப்புகிறார். அதன்மேல் ஒரு ஃபில்டர் விழும்போது, அவர் அளந்து வைத்த நிறம் முழுவதும் குலைகிறது. ஒருமுறை நான் திருத்திக் கொடுத்த படம் ஒன்று, தோல் மெழுகாகி, பின்னணி ஆரஞ்சு நிறமாகி, எங்கள் பெயருடன் பொதுவெளியில் உலவியது; அதைப் பார்த்த ஒருவர், உங்கள் வேலை இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். வெளியிட்டவர் கெட்ட எண்ணத்துடன் செய்யவில்லை. ஆனால் பெயரை நம்பிப் பிழைப்பவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கேட்கும்போது பொத்தாம்பொதுவாக ‘நன்றாக இல்லை, சரிசெய்து தாருங்கள்’ என்று எழுதாதீர்கள். படத்தின் எண், திருத்த வேண்டிய இடம், என்ன மாற்றம், எதை மாற்றக் கூடாது, படம் எங்கே பயன்படப்போகிறது ஆகிய ஐந்தையும் ஒரே மடலில் சொல்லிவிடுங்கள். இப்படி எழுதலாம்:

‘வணக்கம். படங்கள் கிடைத்தன, 14, 22 ஆகிய எண்கள் கொண்டவை மிகவும் பிடித்திருக்கின்றன. 22-இல் இரண்டு சிறு திருத்தங்கள் வேண்டும்: அன்று இடக் கன்னத்தில் இருந்த பருவை நீக்க வேண்டும், கழுத்துப்பட்டையின் சுருக்கத்தைக் குறைக்க வேண்டும். உதட்டருகே உள்ள மச்சம் அப்படியே இருக்கட்டும். இதைத் தாங்கள் செய்து தர இயலுமா, தனிக் கட்டணம் உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இயலாதெனில் இவ்விரண்டை மட்டும் நானே செய்து, என் பணி தொடர்பான பக்கத்தில் வெளியிடத் தங்கள் இசைவு வேண்டும். தங்கள் பெயரை எவ்வாறு குறிப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.’

இத்தகைய மடலை மறுக்கும் கலைஞர் அரிது. எல்லாத் திருத்தங்களையும் ஒரே தவணையில் கேட்பதும், படம் வந்த சில வாரங்களுக்குள் கேட்பதும் மரியாதை. வேலை முடிந்த கோப்புகளை எல்லோரும் ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைப்பதில்லை.

எதிர்த்திசையிலும் கேட்கலாம். தோல் அளவுக்கு மீறி மழுங்கடிக்கப்பட்டிருந்தாலோ, நிறம் வெளுத்துவிட்டிருந்தாலோ, கேட்காமலே இடை ஒடுக்கப்பட்டிருந்தாலோ, அதைத் திரும்பப் பழையபடி ஆக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நடிகை கேட் வின்ஸ்லெட் 2003-இல் ஒரு பத்திரிகை தம்மை மெலிய வைத்து வெளியிட்ட படங்களை, தாம் அப்படி இல்லை, அப்படி இருக்க விரும்பவும் இல்லை என்று வெளிப்படையாக மறுத்தார். உங்கள் நிறத்தையும் உடலையும் மற்றவர் விருப்பப்படி மாற்றியதற்கு நீங்கள் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நீங்களே திருத்தும்போது

இசைவு கிடைத்த பிறகு, முதல் வேலையாக மூலக் கோப்பைத் தனிக் கோப்புறையில் வைத்துவிட்டு, அதன் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். முடிந்தால் லேயர் வசதியுள்ள மென்பொருளைப் பயன்படுத்துங்கள். மாற்றம் ஒவ்வொன்றும் தனி அடுக்கில் இருந்தால் பிடிக்காததை மட்டும் நீக்கலாம். ஜேபெக் கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது விவரம் இழக்கப்படுகிறது என்பதால், வேலை முடியும்வரை மென்பொருளின் சொந்த வடிவிலோ விவரம் இழக்காத டிஃப் (TIFF) வடிவிலோ வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக்காக மாற்றுங்கள்.

வெட்டுதல்தான் மிகக் குறைந்த குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். முகப்புப் படத்துக்காகச் சதுரமாக வெட்டுவதைப் பெரும்பாலான கலைஞர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் அகலமான நிலக்காட்சியின் ஓரத்தில் உங்களை வேண்டுமென்றே சிறிதாக நிறுத்தி எடுத்த படத்தில் முகத்தை மட்டும் வெட்டியெடுத்தால், படத்தின் கருத்தே போய்விடும். அளவையும் கவனியுங்கள். 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 பிக்சல் கொண்டது. அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால் மீதம் 6 மெகாபிக்சல்தான். 8-க்கு 10 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம், 2400-க்கு 3000 பிக்சல், அதாவது 7 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் வேண்டும்.

தோலைப் பொறுத்தவரை திருத்துநர்களிடையே நெடுநாளாக உள்ள ஒரு வழக்கம் எனக்கு இன்றும் துணை: இரண்டு வாரத்தில் தானே மறையக்கூடியதை நீக்கலாம், என்றும் இருப்பதை விட்டுவிட வேண்டும். பரு, சிராய்ப்பு, தூக்கமின்மையால் வந்த வீக்கம், கண்ணாடிச் சட்டம் பதிந்த தடம் ஆகியவை முதல் வகை. மச்சம், தழும்பு, சிரிக்கும்போது விழும் கோடுகள் இரண்டாம் வகை. கோடுகளை மென்மையாக்க விரும்பினால் தனி அடுக்கில் முழுவதும் அழித்துவிட்டு, அந்த அடுக்கின் அடர்த்தியை ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள். கோடு இருக்கும், கடுமை இருக்காது. மயிர்க்கால்கள் தெரியாத தோல் எந்த மனிதருக்கும் இல்லை. ‘தோல் மென்மை’ என்ற ஒற்றைப் பொத்தானைத் தொட வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வது அதனால்தான். பல்லையும் விழிவெண்மையையும் முகத்தில் வேறு எந்த இடத்தையும்விட வெளுப்பாக்கிவிட்டால், பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும்.

உடலின் வடிவை ஒடுக்கவோ நீட்டவோ செய்யும் கருவியைத் தவிர்ப்பதே நல்லது. இடுப்பை உள்ளே தள்ளும்போது பின்னாலுள்ள கதவின் விளிம்பு வளையும். அது உங்கள் கண்ணுக்குத் தப்பினாலும் பிறர் கண்ணுக்குத் தப்பாது. காற்றில் உப்பிய சட்டையை உள்ளே தள்ளுவது வேறு, உடலையே மாற்றுவது வேறு.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இவற்றில் பல, படத்தைத் திருத்துவதற்குப் பதிலாக முகத்தைப் புதிதாக வரைந்து தருகின்றன. கண்ணின் சாய்வும் மூக்கின் நுனியும் சிறிது சிறிதாக மாறி, உங்களைப் போன்ற ஒருவர் படத்தில் வந்து அமர்கிறார். அதோடு, படத்தை அந்த நிறுவனத்தின் கணினிக்கு ஏற்றுகிறீர்கள். எடுத்தவரின் படைப்பையும் உங்கள் முகத்தையும் அவர்கள் எதற்குப் பயன்படுத்தலாம் என்பது அவர்களுடைய நிபந்தனைகளில் இருக்கும். அதைப் படிக்காமல் ஏற்றக் கூடாது.

வேலை முடிந்ததும் ஒரு நாள் கழித்து, மூலத்தையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். முதலில் முழு அளவில், பிறகு கட்டைவிரல் நக அளவில். சிறிய அளவில் பார்க்கும்போது வேறொருவராகத் தெரிந்தால் பாதித் திருத்தங்களை நீக்கிவிடுங்கள். கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரக் குறிப்பில் (மெட்டாடேட்டா) எடுத்தவரின் பெயரும் பதிப்புரிமைக் குறிப்பும் இருந்தால் அவற்றை அழிக்காதீர்கள்.

கைவைக்கக் கூடாத படங்கள்

கடவுச்சீட்டுப் படங்களுக்கான பன்னாட்டுத் தரம், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற ஆவணத்தில் உள்ளது. எல்லையில் இயந்திரம் உங்கள் முகத்தைப் படத்தோடு ஒப்பிடுவதால், கண்களின் இடைவெளியோ தாடையின் கோடோ சிறிது மாறினாலும் சிக்கல் வரலாம். படத்தில் கணினித் திருத்தம் கூடாது என்று பல அரசுகள் வெளிப்படையாகவே கூறுகின்றன. பருவைக்கூட நீக்க வேண்டாம்.

நடிப்பு வாய்ப்புக்காக அனுப்பும் படத்தில், கதவைத் திறந்து உள்ளே வருபவரும் படத்திலுள்ளவரும் ஒருவராக இருக்க வேண்டும். வயதையும் நிறத்தையும் மாற்றிய படம் உங்கள் நேரத்தையும் தேர்வாளரின் நேரத்தையும் வீணாக்கும். வேலை விண்ணப்பத்துக்கும் திருமணப் பேச்சுக்கும் இதையே சொல்வேன்.

செய்திக்குக் கொடுக்கும் படத்தில் விதி இன்னும் கடுமையானது. 2024 மார்ச்சில் பிரிட்டன் அரச குடும்பம் வெளியிட்ட, வேல்ஸ் இளவரசியும் குழந்தைகளும் இருந்த படத்தில், குழந்தையின் சட்டைக்கை பொருந்தாமல் இருந்ததைக் கண்டதும் ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி போன்ற செய்தி நிறுவனங்கள் அதைத் திரும்பப் பெற்றன. மறுநாள் இளவரசி, தாம் திருத்தியதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். உங்கள் பேட்டியோடு வெளியிடக் கேட்டால், திருத்தாத படத்தையே அனுப்புங்கள்.

விளம்பரத்துக்கு நீங்களே முகமாக இருந்தால் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். பிரான்சில் 2017 அக்டோபர் முதல், விளம்பர மாடல்களின் உடலமைப்பை மாற்றிய படத்தில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று குறிப்பிட வேண்டும். நார்வேயில் 2022 ஜூலை முதல் உடல் வடிவையோ தோலையோ மாற்றிய விளம்பரப் படங்களுக்கு அடையாளக் குறி கட்டாயம்.

படத்தில் வேறு யாரேனும் உடனிருந்தால், அவர் முகத்தை அவர் கேட்காமல் தொடாதீர்கள். உங்களை மட்டும் பளிச்சென்று ஆக்கி அருகிலிருப்பவரை அப்படியே விட்ட படமும் அவருக்கு வருத்தம் தரும்.

வெளியிடும்போதும், மறுக்கப்படும்போதும்

வெளியிடும்போது ‘படம்’ என்று எடுத்தவர் பெயரையும், ‘திருத்தம்’ என்று உங்கள் பெயரையும் தனித்தனியாகக் குறிப்பிடுவது நேர்மையானது. ஆயினும் சில கலைஞர்கள், திருத்திய பிரதியில் தம் பெயரே வர வேண்டாம் என்பர், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

திருத்தக் கூடாது என்று அவர் உறுதியாக மறுத்தால், அதே அமர்வில் எடுத்த வேறொரு படத்தைக் கேட்டுப் பாருங்கள். தலையைச் சற்றே திருப்பிய அடுத்த நொடிப் படத்தில் நீங்கள் வெறுத்த மடிப்பு இல்லாமலே இருக்கலாம். திருத்தும் உரிமையைக் கூடுதல் கட்டணத்துக்குத் தருவாரா என்றும் கேட்கலாம். இரண்டும் இயலாவிட்டால், அந்தப் படத்தை வெளியிடாமல் விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்த முறை படம் எடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். எதை மறைக்க வேண்டும், எதை மறைக்கவே கூடாது என்று தெரிந்தால் கலைஞர் ஒளியையும் கோணத்தையும் அதற்கேற்ப வைப்பார். பாதித் திருத்தம் கேமராவிலேயே முடிந்துவிடும். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘தேர்ந்தெடுத்த படங்களில் ஒருமுறை திருத்தம் கட்டணத்தில் அடங்கும். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் தம் தேவைக்காக வெட்டவும் வெளிச்சத்தைச் சீராக்கவும் தற்காலிகத் தோல் குறைகளை நீக்கவும் செய்யலாம். வேறு மாற்றங்களைக் கலைஞரின் எழுத்துவழி இசைவுடன் மட்டுமே வெளியிடலாம்.’